துளை போடாத துப்பாக்கி

சங்கரன்கோவில்
11-9-1981

சிரஞ்சீவி காந்திமதிநாதனுக்கு அண்ணன் நெல்லைநாயகம் எழுதிக்கொண்டது.

இன்று வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, இராகு காலம் தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது, நம் அப்பாவின் துப்பாக்கி முதுகில் நான்கு துளைகள் போடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். அவசரத்தில் எடுத்த முடிவல்ல. மூன்று வாரம் யோசித்தேன். உன் மதினி பார்வதியம்மாளிடமும் கலந்துகொண்டேன். அவள் “செய்யுங்க” என்றாள். எதை என்று கேட்கவில்லை.

அந்தத் துளைகளில் ஓர் இரும்புப் பட்டையை முடுக்கி, அதன்மேல் தொலைநோக்கியைப் பொருத்த வேண்டும். பட்டையைக் கடைக்காரர்கள் ‘ரெயில்’ என்கிறார்களாம். துப்பாக்கி என்னிடம் இருக்கிறது. பட்டை வாங்கிக்கொள்ளலாம். தொலைநோக்கியோ 1975ஆம் வருடப் பாகப்பிரிவினைப் பத்திரம், ‘பி’ அட்டவணை, பதினான்காவது இனத்தின்படி உன்னிடம் இருக்கிறது. துப்பாக்கியை ஒருவனுக்கும் அதன் கண்ணை இன்னொருவனுக்கும் எழுதிய வக்கீல் போய்ச் சேர்ந்துவிட்டார். நாம் இருவரும் அன்றிலிருந்து பேசவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் ஓர் உத்தரவு. பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அனைவரும் அக்டோபர் 15ஆம் தேதி திருநெல்வேலி மைதானத்துக்கு வந்து, ஐம்பது கஜம் தள்ளி நிற்கும் அட்டையில் ஐந்து குண்டு சுட வேண்டும். குறைந்தது மூன்று பட வேண்டும். படாவிட்டால் உரிமம் ரத்து; துப்பாக்கி ஸ்டேஷனில் ஒப்படைக்கப்படும். தொலைநோக்கி கூடாது என்று உத்தரவில் இல்லை. பார்வதியை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

இனம் பதினான்கை உடனே அனுப்பவும்.

நெல்லைநாயகம்


பாளையங்கோட்டை
16-9-1981

மரியாதைக்குரிய அண்ணாச்சிக்கு, நமஸ்காரம்.

ஆறு வருடம் கழித்து உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று என் மனைவி நெல்லையம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். விஷயம் துளைதான் என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்புமா கிண்டப் போனாள்.

எனக்கு ஒரு சந்தேகம். நம் குடும்பம் ஏழு தலைமுறையாகச் சைவம். வீட்டில் அசைவம் என்று சொல்லத்தக்க பொருள் அந்தத் துப்பாக்கி ஒன்றுதான். கரிவலம்வந்தநல்லூர் வயலில் பன்றி இறங்கும்போதெல்லாம் அப்பா வானத்தைப் பார்த்துச் சுட்டார். பன்றியும் போயிற்று, பாவமும் சேரவில்லை. ஆனால் நீங்கள் குறி பார்த்தும் சுடுவீர்கள். 1974இல் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட சிரட்டையை, வெறும் கண்ணால், ஐந்துக்கு ஐந்து அடித்தீர்கள். நான்தான் எண்ணினேன். அட்டை சிரட்டையைவிடப் பெரியது. அந்தக் கண்ணுக்கு என்ன ஆயிற்று?

இன்னொன்று. உங்கள் வயல் காவல்காரன் வெள்ளத்துரையின் மனைவி பேச்சித்தாய் போன மாதம் இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தவள், வீட்டுக்கும் வந்து தண்ணீர் குடித்தாள். “பொழுது அடையுத நேரம்யா. அந்த மனுசன் அரிக்கேனக் கொளுத்திக்கிட்டு வரப்புல நிக்காரு. கையிலேயே வெடிச்சிட்டு. பெரியவுக சுட்டாகளாம்” என்றாள். அவன் கையிலிருந்து ஏழு கண்ணாடிச் சில்லு எடுத்திருக்கிறார்கள். வானத்தில் அரிக்கேன் ஏது அண்ணாச்சி?

துளை போடுவதை மட்டும் நிறுத்திவையுங்கள். ஜங்ஷனில் துப்பாக்கி பழுது பார்க்கும் மம்மது அண்ணனிடம் கேட்டேன். “சாரே, அது தோட்டா விளிம்புல தட்டி வெடிக்குத சின்ன ரகம். உதைக்கவே உதைக்காது. அதுக்குப் போய் துளை போடுதது, பல்லு வலிக்கு மண்டைய எடுத்த மாதிரி. முதுகுல ரெண்டு பக்கமும் நீளவாக்குல பள்ளம் இருக்கும், பாரும். கவ்வுற பட்டை வாங்கி அதுல மாட்டினாப் போதும்” என்றார். அப்பா முப்பது வருடம் துடைத்த துப்பாக்கியில் பள்ளம் இருப்பதை நம்மில் ஒருவரும் கவனிக்கவில்லை.

காந்திமதிநாதன்


சங்கரன்கோவில்
20-9-1981

சிரஞ்சீவி காந்திமதிநாதனுக்கு,

அரிக்கேன் பழையது. ஏற்கெனவே கீறல் விழுந்தது. வெள்ளத்துரைக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. அவன் புகார் எதுவும் சொல்லவில்லை. “விடுங்கய்யா, கை ஆறிட்டு” என்றுதான் சொன்னான். ஆகவே அந்த விஷயம் முடிந்தது.

பட்டை விஷயத்துக்கு வருகிறேன். கவ்வும் பட்டையை நான் ஏற்கவில்லை. முடுக்கிய பட்டை துப்பாக்கியோடு சேர்ந்த சொத்து. கட்டிய வீட்டுக்கு நிலைக்கதவு மாதிரி. கவ்வும் பட்டை வாடகைக்குக் குடியிருப்பவன் மாதிரி. எப்போது வேண்டுமானாலும் திருகைத் தளர்த்திக்கொண்டு கிளம்பிவிடும். நீ அதைச் சிபாரிசு செய்வதன் உள்நோக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. முப்பத்திரண்டு வருடம் தாலுகா ஆபீஸில் இருந்தவன் நான்.

பக்கத்து வயல் சண்முகையாவுக்கும் அதே உத்தரவு வந்திருக்கிறது. அவனும் ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறான். சத்தத்துக்குப் பயந்து இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுடுகிறவன். அவன் நேற்று கோமதியம்மன் சன்னதியில், பத்துப் பேர் நடுவில், “என்ன அண்ணாச்சி, உங்க துப்பாக்கிக்கு ஸ்டேஷன்ல ரூம் போட்டாச்சாமே?” என்று கேட்டான். பக்கத்தில் நின்ற ஆறுமுகத்தாய் சிரித்தாள். நான் விபூதி வாங்காமல் வந்துவிட்டேன்.

இருபத்தைந்து நாள் இருக்கிறது. தொலைநோக்கியை அனுப்பு.

நெல்லைநாயகம்


பாளையங்கோட்டை
24-9-1981

மரியாதைக்குரிய அண்ணாச்சிக்கு,

நான் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவன். பையன்களின் விடைத்தாளில் அளவு பிசகினால் எந்த இடத்தில் பிசகியது என்று தேடுவது என் தொழில்.

உங்கள் கடிதத்தில் வரிகள் எல்லாம் வலது ஓரத்துக்குப் போகும்போது ஒரு விரற்கடை கீழே இறங்குகின்றன. பதினேழாவது வரியும் பதினெட்டாவது வரியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ‘பாளையங்கோட்டை’யில் பாதியை அஞ்சல் தலையின் மேல் எழுதியிருக்கிறீர்கள். தபால்காரர் என்னைப் பெயரை வைத்துத்தான் கண்டுபிடித்தார். தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் கோடு போடாத தாளில் கோடு போட்டது போல் எழுதியவர் நீங்கள்.

உத்தரவை மதினி ஏன் மூன்று முறை வாசித்தார்கள்?

பதில் வரும்வரை தொலைநோக்கி பீரோவை விட்டு வெளியே வராது. நான் அதை அனுப்பி, நீங்கள் தேர்ச்சி பெற்று, இன்னும் மூன்று வருடம் வரப்பில் நின்று சுட்டு, அடுத்த தடவை அரிக்கேன் இரண்டு சாண் மேலே இருந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு. அதை எந்த அட்டவணையிலும் எழுதிப் பிரிக்க முடியாது.

காந்திமதிநாதன்


சங்கரன்கோவில்
28-9-1981

தம்பி,

வலது கண்ணில் சித்திரை மாதம் பனி இறங்கியது. இன்னும் விலகவில்லை. இடது கண் பரவாயில்லை. துப்பாக்கியின் பின்குறி, முன்குறி, அட்டை மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பார்கள். எனக்கு மூன்றும் மூன்று ஊரில் நிற்கின்றன. தொலைநோக்கி இருந்தால் ஒரே ஊரை மட்டும் பார்த்தால் போதும். அதனால் கேட்டேன்.

பார்வதிக்குத் தெரியாது. கண்ணாடியைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி வாசிக்கச் சொல்கிறேன். கண்ணாடி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

அன்றைக்கு நான் பார்த்தது பன்றி. அது அரிக்கேனைப் பிடித்துக்கொண்டு நின்றது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பேசாமல் ஒப்படைத்துவிட வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். ஆபீஸில் இருந்தவரை என்னை எல்லோரும் ஹெட்கிளார்க் என்றார்கள். ஓய்வு பெற்ற அன்று அது போயிற்று. இப்போது ‘துப்பாக்கி வீட்டு அண்ணாச்சி’ என்கிறார்கள். துப்பாக்கியும் போனால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சண்முகையா இப்போதே வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறான்.

கவ்வும் பட்டையே இருக்கட்டும். துளை வேண்டாம்.

நெல்லைநாயகம்


பாளையங்கோட்டை
1-10-1981

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தொலைநோக்கியையும் கவ்வும் பட்டையையும் வேட்டியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, நாளைக் காலை பஸ்ஸில் கண்டக்டர் காளிராஜிடம் கொடுத்துவிடுகிறேன். ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பலகாரம்’ என்று எழுதியிருக்கிறேன். அதைக் கடிதம் வாசிக்கிறவர்கள் பொருட்படுத்த வேண்டாம்.

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. பதினைந்தாம் தேதி தேர்வு. பதினெட்டாம் தேதி கண் ஆபரேஷன். மதுரையில் இடம் சொல்லிவைத்துவிட்டேன். தேர்ச்சி பெற்றாலும் சரி, பெறாவிட்டாலும் சரி. அதுவரைக்கும் வயலில் ஒரு குண்டு வெடிக்கக் கூடாது. கட்டுப் பிரித்த பிறகு நீங்களும் வெள்ளத்துரையும் பன்றியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டையைப் பற்றி உங்களுக்கு இருந்த மனக்குறையை மம்மது அண்ணனிடம் சொன்னேன். “நூறு தரம் கழத்தி நூறு தரம் மாட்டினாலும் இம்மி பிசகாம அதே இடத்துல உக்காரும்னு சொல்லும்” என்றார். அப்பா துப்பாக்கியில் ஒரு கீறலும் விழாது. நீங்கள் இதில் தோற்றதாக நினைக்க வேண்டாம்.

ஏழாம் தேதி ஆயுத பூஜை வருகிறது. மதினி கை தாராளமான கை. 1973இல் நம் ரேடியோவுக்குச் சந்தனம் பூசியதில் அன்றிலிருந்து அது இலங்கையை மட்டும்தான் பிடித்தது. தொலைநோக்கிக் கண்ணாடியில் ஒரு பொட்டுச் சந்தனம்கூடப் படக் கூடாது. பட்டால் துடைத்தாலும் போகாது, கீறிவிடும். தயவுசெய்து இதை மட்டும் கவனியுங்கள்.

காந்திமதிநாதன்


சங்கரன்கோவில்
9-10-1981

அன்புள்ள தம்பி காந்திமதிக்கு,

பலகாரம் கிடைத்தது. காளிராஜ், “இம்புட்டுக் கனமா என்ன அண்ணாச்சி பலகாரம், முறுக்கா?” என்றான். தேன்குழல் என்றேன்.

பட்டையை நானே மாட்டினேன். உரிமத்தில் இந்த வருடத்துக்கு அனுமதித்த தோட்டாவில் ஏழு மிச்சம் இருந்தது. மூன்றாம் தேதி காலை, தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள், கரையோரம் ஐம்பது கஜத்தில் சிரட்டையைக் கட்டி, திருகைத் திருத்தித் திருத்தி இரண்டு குண்டு சுட்டேன். உன் நிபந்தனையில் வயல் என்றுதான் இருந்தது, கண்மாய் இல்லை. வெள்ளத்துரை எனக்குப் பின்னால் நின்றான். சிரட்டைப் பக்கம் போய் நில்லு என்று நான் சொல்லவே இல்லை. ஆனாலும் “நான் இங்கனயே நிக்கேன்யா, எனக்கு இங்கனதான் நல்லாத் தெரியுது” என்றான். இரண்டாவது குண்டில் சிரட்டை தெறித்தது. அவன் என் துண்டை எடுத்து உதறி என் தோளில் போட்டான்.

மீதி ஐந்தும் மைதானத்துக்கு. இனி சுட்டுப் பார்க்க முடியாது.

ஆயுத பூஜை நல்லபடியாக நடந்தது. நீ எழுதியதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன். முந்தைய நாளே தொலைநோக்கியைப் பட்டையோடு கழற்றித் தனிப் பலகையில், பட்டுத்துணி மூடி, பூ மட்டும் சாத்தி வைத்தேன். உன் சொத்து என்பதாலும் கண்ணாடி என்பதாலும் பார்வதியை அதன் பக்கமே விடவில்லை. அந்தக் குறையையும் சேர்த்து அவள் துப்பாக்கிக்குச் செய்துவிட்டாள். குழல் நுனியிலிருந்து கட்டை வரை சந்தனம், ஒவ்வொரு விரற்கடைக்கும் குங்குமம். அப்பா இருந்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

நேற்று விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து மறுபடி மாட்டினேன். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை என்பது உனக்குத் தெரியும். கை பிடிக்கிற இடத்தில் மட்டும் வேட்டி நுனியால் ஒற்றி எடுத்தேன். பட்டை முன்னைவிட இறுக்கமாக உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. மம்மது சொன்னது சரி.

ஆறு நாள் இருக்கிறது. இரண்டு நாளாக வலது கண்ணுக்கு நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டுகிறேன். பார்வதியிடம் சொல்லிவிட்டேன். “எனக்குச் சித்திரையிலேயே தெரியும்” என்றாள்.

நெல்லைநாயகம்


சங்கரன்கோவில்
16-10-1981

தம்பி,

நேற்று நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

என் அட்டை நான்காம் நம்பர். பதினோரு மணிக்கு எங்கள் வரிசை முழுவதையும் ஒன்றாகச் சுட அழைத்தார்கள். எல்லோரும் தொலைநோக்கியைப் பார்த்தார்கள். சண்முகையா, “என்ன அண்ணாச்சி, தைப்பூசத் தேரா பாக்க வந்திருக்கீக?” என்றான். துப்பாக்கியிலிருந்த சந்தனத்தைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் செருப்பைக் கழற்றினார்.

இடது கண்ணை வைத்துப் பார்த்தேன். தொலைநோக்கிக்குள் கறுப்புப் புள்ளி நிலா மாதிரி தெளிவாக நின்றது. சிலுவைக் கோடு அதன் நடுவில் நின்றது. மூச்சை நிறுத்தி ஐந்தும் சுட்டேன். ஐந்து தடவையும் கோடு புள்ளியை விட்டு நகரவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

அட்டையை எடுத்துவந்தார்கள். அதில் ஒரு துளைகூட இல்லை. அதிகாரி அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “ஏ வே நாலாம் நம்பரு, அஞ்சையும் எங்கன வே விட்டீரு?” என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். மற்றவர்கள் முடிவை வாசிக்கும்வரை நான் நிற்கவில்லை. ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்ன இடம் எனக்குத் தெரியவில்லை. வெள்ளத்துரை என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான்.

துப்பாக்கி இப்போது ஸ்டேஷன் அறையில், ரசீது எண் 41. தொலைநோக்கியையும் பட்டையையும் கழற்றினபடியே காளிராஜிடம் கொடுத்துவிட்டேன். இனம் பதினான்கு பழுதில்லாமல் உன்னிடம் திரும்பிவிட்டது. நாளைக்கே மதுரைக்குக் கிளம்புகிறேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

நெல்லைநாயகம்


பாளையங்கோட்டை
24-10-1981

அண்ணாச்சி,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மதினி தந்தி கொடுத்திருந்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு இதை வாசியுங்கள். அதற்கு முன்னால் யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

பெட்டியைப் பிரித்ததும் பட்டையைப் பார்த்தேன். முன்பக்கத்து இடது தாடைக்குள், பள்ளத்தைக் கவ்வுகிற இடத்தில், சந்தனமும் குங்குமமும் சேர்ந்து செங்கல் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் பெயர்க்க முடியவில்லை. அளந்தேன். நெல் தடிமனில் முக்கால் இருக்கும். அவ்வளவு போதும், தொலைநோக்கி இடப்பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொள்ள. நீங்கள் அதன் வழியாக உங்கள் அட்டையைப் பார்த்தபோது குழல் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டேன். ஐம்பது கஜத்தில் இரண்டடி, வலது பக்கம். ஒவ்வொரு குண்டும் அதே இரண்டடி. உங்கள் கண் பிழைக்கவில்லை. கையும் பிழைக்கவில்லை.

மம்மது அண்ணனிடம் காட்டினேன். அவர் என்னைத்தான் பார்த்தார். “நூறு தரம் மாட்டலாம்னு மட்டுமா சொன்னேன்? பள்ளம் சுத்தமா இருந்தாத்தான்னும் சொன்னேம்லா சாரே” என்றார். சொன்னார். பட்டையைப் பள்ளம் துடைத்து மாட்டுவார்கள் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே என்று நான் அந்தப் பாதியை எழுதவில்லை. கண்ணாடியைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதினேன். கண்ணாடி என்னுடையது.

மறு தேர்வு கேட்டு மனுப் போடலாம். காய்ந்த சந்தனத்தோடு பட்டையை அப்படியே வைத்திருக்கிறேன், சாட்சியாகக் காட்டலாம். அதற்கு ஒரு விவரம் வேண்டும். மைதானத்தில் அட்டைகள் எவ்வளவு இடைவெளியில் இருந்தன? உங்களுக்கு வலது பக்கம், ஐந்தாம் நம்பர் அட்டையைச் சுட்டது யார்?

காந்திமதி


சங்கரன்கோவில்
14-11-1981

அன்புள்ள தம்பி காந்திமதிக்கு,

கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. சோடாப் புட்டி மாதிரி கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். இந்த வரி நேராக இருக்கிறதா பார். கோபுரத்தில் பொம்மைகளை எண்ண முடிகிறது. பார்வதிக்கு இவ்வளவு நரைத்திருப்பது இப்போதுதான் தெரிந்தது; அவளிடம் சொல்லவில்லை.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். இரண்டு தடவை. பட்டையைச் சுத்தம் செய்துவிடு.

மனுப் போட வேண்டாமென்று தீர்மானித்திருக்கிறேன். மனுவில் பூஜை செய்தவளின் பெயரையும் எழுத வேண்டியிருக்கும். தீபாவளிக்கு நீயும் நெல்லையம்மாளும் வருவீர்கள் என்று அவள் அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்திருந்தாள். அடுத்த வருடமாவது வாருங்கள்.

நீ கேட்ட விவரம். அட்டைகள் இரண்டடி இடைவெளியில் இருந்தன. வெள்ளத்துரை அங்கே கடைசிவரை நின்றிருக்கிறான், அவனை விசாரித்தேன். ஐந்தாம் நம்பர் சண்முகையா. அவன் வழக்கம்போல இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுட்டான். ஐந்து தடவையும் அட்டைக்கு மேலே, மண்மேட்டின் உச்சியில் புழுதி பறந்தது. அட்டையை எடுத்துவந்தபோது அதில் ஐந்து துளைகள் இருந்தன. ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள். அதிகாரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்.

அவனுக்கு உரிமத்தை 1984 டிசம்பர் 31 வரை புதுப்பித்திருக்கிறார்கள்.

நெல்லைநாயகம்